மின்விளக்கின் விலை



கதிர்காம யாத்திரைக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தார், விளக்குகளை எல்லாம் அணைத்து, வீட்டைப் பூட்டி, ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தனர் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதத்தில் அவ்வீட்டில் ஒரு விளக்குத்தானும் எரியவில்லை. மின்மானியின் இலக்கங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஆயினும், மின்கட்டணச் சீட்டொன்று வாசலில் அவர்களுக்காகக் காத்துக் கிடக்கிறது. அலகுகளுக்குரிய தொகை அதிலே சுழி. நிலையான கட்டணம் என்ற வரியில் மட்டும் ஒரு தொகை காணப்படுகிறது. "உண்ணாத சோற்றுக்கு விலை கொடுப்பதா?" என்று வீட்டுத் தலைவர் சினப்பது இயல்பே.

அவருடைய கேள்வி நியாயமானது. அதற்குரிய விடையும் நியாயமானதே. அந்த விடையைத் தேடிச் செல்வோமாயின், ஓர் அலகு மின்சாரத்தின் விலை எவற்றாலாயது என்பதும், அந்த விலையை நம் நாடு கடந்த நூறாண்டுகளாக எவ்வாறு செலுத்தி வந்தது என்பதும் ஒருங்கே விளங்கும்.

மின்சாரத்தை விலைக்கு விற்கத் தொடங்கியவர்களுக்கே அதன் விலை இன்னதென்பது முதலில் தெளிவாக விளங்கவில்லை. 1882 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், தோமஸ் அல்வா எடிசன் நியூயோர்க் நகரின் பேர்ள் வீதியில் தமது மின்நிலையத்தை இயக்கினார். அக்காலத்தில் அந்நகரத்து வீடுகளிலும் கடைகளிலும் எரிந்தவை ஆவி விளக்குகள். ஆவியை அளந்து விற்பது போல மின்சாரத்தையும் அளந்து விற்கவேண்டும் என்பது எடிசனின் எண்ணம். அதற்கென அவர் அமைத்த மின்மானி விந்தையானது. கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றிய கரைசலுள் இரண்டு துத்தநாகத் தகடுகள் தொங்கும். மின்னோட்டம் செல்லச் செல்ல ஒரு தகட்டின் துத்தநாகம் கரைந்து மற்றத் தகட்டிற் படியும். மாதந்தோறும் ஊழியர் ஒருவர் வந்து தகடுகளை எடுத்துச் சென்று தராசில் நிறுப்பார். நிறையின் வேறுபாடே கட்டணத்துக்குக் கணக்கு. இம்முறை, ஒருவர் எவ்வளவு மின்சாரம் பெற்றார் என்பதைக் காட்டியது. எந்நேரத்திற் பெற்றார் என்பதை மட்டும் காட்டவில்லை.

அந்தக் குறையின் பொருளைத் தெளிவாக எடுத்துரைத்தவர் யோன் ஹொப்கின்சன் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர். 1892 ஆம் ஆண்டில் இளம் பொறியியலாளர் சங்கமொன்றிலே மின்வழங்கலின் செலவைப் பற்றி அவர் தலைமையுரை ஆற்றினார். மின்நிலையம் ஒன்றின் செலவு இருவகைப்படும் என்பது அவ்வுரையின் சாரம். கேட்டவுடன் கொடுப்பதற்கு ஆயத்தமாக இருப்பதன் செலவு ஒன்று. உண்மையிற் கொடுப்பதன் செலவு மற்றொன்று. முன்னது கட்டடம், இயந்திரம், கம்பி, வட்டி, நிரந்தர ஊழியர் சம்பளம் ஆகியவற்றாலாயது. ஒருவரும் விளக்கேற்றாவிடினும் அது குறையாது. பின்னது எரிபொருள். எரித்த அளவுக்கே அது ஏறும். ஆதலால் கட்டணமும் இரு கூறாக இருத்தல் வேண்டும் என்றார் ஹொப்கின்சன். இன்று நமது சீட்டிற் காணும் இரண்டு வரிகளுக்கும் மூலம் இக்கருத்தே.

இதனை நம் ஊர் வழக்கில் வைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவர் தோட்டத்திற் கிணறு வெட்டுகிறார். பாறையை உடைத்துக் கிணறு வெட்டுவது ஒருமுறைச் செலவு. அதற்குக் கடன்பட்டால் வட்டியும் உண்டு. நீர் இறைப்பது நாளாந்தச் செலவு. ஒரு நாள் இறைக்காவிட்டால் இறைப்புக் கூலி மிச்சமாகும். கிணற்றுக்குப் பட்ட கடனின் வட்டி மிச்சமாகாது. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது நம் பழமொழி. அசைந்து தின்பது எரிபொருள். அசையாமல் தின்பது அணையும் இயந்திரமும் கம்பியும். யாத்திரை சென்ற குடும்பத்தாரின் வாசலிற் கிடந்த சீட்டு, அசையாமல் தின்பதற்குரிய பங்கைக் கேட்டது. அதுவும் முழுப் பங்கன்று. நிலைச் செலவிற் பெரும்பகுதி அலகின் விலைக்குள்ளேயே அடங்கியிருப்பது வழக்கம்.

இயந்திரம் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதையும் இங்கே கவனித்தல் வேண்டும். ஓர் இயந்திரத்தின் நிலைச் செலவு நாளொன்றுக்கு 24 ரூபா என்று கொள்வோம். அது இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் மணிக்கு 1 ரூபா வீதம் அச்செலவு பகிரப்படும். மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் ஓடினால் மணிக்கு 6 ரூபா. இயந்திரம் ஒன்றே, செலவும் ஒன்றே, ஆனால் அலகொன்றின் மேல் ஏறும் நிலைச் செலவு ஆறு மடங்காகிவிடுகிறது.

கொழும்பின் பழைய வரலாற்றிலே இந்தக் கணக்கைக் காணலாம். 1895 ஆம் ஆண்டில், கோட்டைப் பகுதியிலிருந்த பிரிஸ்டல் ஹோட்டலில் பூஸ்டெட் சகோதரர் கம்பனியார் மின்விளக்கு ஏற்றினர். இலங்கையின் மின்சார வரலாறு அங்கே தொடங்குகிறது. சில ஆண்டுகளுள் கொழும்பு வீதிகளில் மின்சார டிராம் வண்டிகள் ஓடலாயின. 1902 ஆம் ஆண்டில் டிராமையும் விளக்கையும் சேர்த்து நடத்தும் கம்பனியொன்று அமைந்தது. வண்டிக்கும் விளக்குக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். வண்டி பகல் முழுவதும் மின்சாரம் வாங்கும். விளக்கு இரவிலே வாங்கும். இருவரும் ஒரே இயந்திரத்தின் வாடிக்கைக்காரரானால் இயந்திரம் சோம்பியிருக்கும் நேரம் குறையும். நிலைச் செலவு பல தோள்களிற் பகிரப்படும். இருவகை வாடிக்கையையும் ஒரே நிறுவனம் தாங்கிய ஏற்பாட்டில் இந்த நயம் இருந்தது.

இனி, எரிபொருள். அக்காலத்திற் கொழும்பின் விளக்குகள் கப்பலில் வந்த எரிபொருளால் எரிந்தன. மலைநாட்டிலோ மழைநீர் அருவியருவியாக வீழ்ந்து வீணே கடலைச் சேர்ந்துகொண்டிருந்தது. அதனைக் கணக்கெடுத்தவர் பொதுவேலைப் பகுதியிற் பணிபுரிந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில், 1912 ஆம் ஆண்டிலேயே நுவரெலியாவுக்கென ஒரு சிறு நீர்மின்நிலையத்தை அவர் அமைத்திருந்தார். 1918 ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரை, இந்நாட்டில் ஆற்றலைப் பயன்படுத்துவதன் பொருளியலைப் பற்றியது. களனி கங்கையின் கிளைகளான கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் தரக்கூடிய ஆற்றலை அதில் அவர் எடுத்துக்காட்டினார்.

அந்த ஆற்றல் எத்தகையது? ஒரு தொன் நீர் 400 மீற்றர் உயரத்திலிருந்து குழாய் வழியே வீழ்ந்து சுழலியைச் சுற்றினால், ஏறக்குறைய ஓர் அலகு மின்சாரம் கிடைக்கும். ஓர் அலகாவது 1,000 வாற்று ஆற்றலை ஒரு மணி நேரம் பயன்படுத்துவது. அதே ஓர் அலகை நிலக்கரியால் ஆக்கவேண்டுமாயின் சுமார் 400 கிராம் நிலக்கரியும், டீசல் எண்ணெயால் ஆக்கவேண்டுமாயின் சுமார் கால் லீற்றர் எண்ணெயும் வேண்டும். நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் ஒவ்வொரு நாளும் பணம் கொடுக்கவேண்டும்; அதுவும் அந்நிய நாணயத்தில். மழைக்கு விலையில்லை. ஆனால், மழையை மறிக்க அணை வேண்டும். மலையைக் குடைய வேண்டும். குழாய் பதிக்க வேண்டும். முதல் அலகு பிறப்பதற்கு முன்பே முழுப் பணத்தையும் இறைத்துவிட வேண்டும்.

ஆகவே நாட்டின் முன் நின்ற தெரிவு இதுதான். பாறையை உடைத்து ஆழமான கிணறு வெட்டுவதா? அன்றி, நாள்தோறும் வண்டித் தண்ணீர் வாங்குவதா? கிணறு தொடக்கத்தில் வருத்தும், பின்னர் வாழ்விக்கும். வண்டித் தண்ணீர் தொடக்கத்தில் எளிது. அதன் செலவுக்கோ முடிவில்லை. லக்சபான நீர்மின் வேலை 1924 ஆம் ஆண்டில் தொடங்கியது. பின்னர் பணமுடையால் நின்றது. விமலசுரேந்திரா 1931 ஆம் ஆண்டில் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் இத்திட்டத்துக்காக வாதாடினார். எனினும் லக்சபானவின் முதற் கட்டம் மின்சாரம் தந்தது 1950 ஆம் ஆண்டிலே. அதன் ஆற்றல் 25,000 கிலோவாற்று. கட்டுரை வாசித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1953 ஆம் ஆண்டில் விமலசுரேந்திரா காலமானார். 1965 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நீர்மின்நிலையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்நிலையத்தைக் கடந்த நீர் கீழே இறங்கி லக்சபானவிலும், அதன்பின் பொல்பிட்டியவிலும் மீண்டும் சுழலிகளைச் சுற்றுகிறது. ஒரே நீருக்கு மூன்று இடங்களில் வேலை. அதற்கென எரிபொருட் சீட்டு ஒன்றுமில்லை.

மலையிற் பிறந்த மின்சாரம் நம் வீட்டுக்கு வருவதற்கும் செலவுண்டு. மின்னோட்டம் கம்பியிற் செல்லும்போது கம்பி சூடேறி ஆற்றலில் ஒரு பங்கு வீணாகும். வோல்ற்றளவைப் பத்து மடங்காக்கினால், அதே ஆற்றலைக் கொண்டுசெல்லும்போது அந்த இழப்பு நூறில் ஒரு பங்காகக் குறையும். இதனாலேயே மலைமுகடுகளின் மேல் உருக்குக் கோபுரங்களை நிறுத்தி, 132,000 வோல்ற்றிலும் 220,000 வோல்ற்றிலும் மின்சாரத்தைச் செலுத்துகின்றனர். ஊர் எல்லையில் அதனை 33,000 ஆகவும் 11,000 ஆகவும் தணித்து, நம் வீட்டுக்கு 230 வோல்ற்றாகத் தருகின்றனர். ஒவ்வொரு படியிலும் ஒரு மின்மாற்றி. ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு இழப்பு. கம்பத்திற் கொக்கி போட்டு மின்சாரம் களவாடுபவரின் பங்கும் இழப்பாகவே எழுதப்பட்டு, களவாடாதவரின் கட்டணத்திற் சேர்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு இந்தக் கம்பிகளின் பெறுமதியை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. போர்க்காலத்தில் நாட்டின் மின்தொடரிலிருந்து குடாநாடு அறுபட்டு, ஆண்டுக்கணக்காகக் குப்பி விளக்கிலும், பின்னர் உள்ளூரிலே டீசலெரித்துப் பிறப்பித்த மின்சாரத்திலும் காலங்கழித்தது. வடக்கே செல்லும் கம்பிகள் சுன்னாகத்தை மீண்டும் வந்தடைந்தது போர் முடிந்த பின்னரே. மலையில் எத்துணை நீர் இருந்தாலும் கம்பியில்லாத ஊருக்கு அது கானல் நீரே.

மற்றொரு செலவும் உண்டு. அது எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. 1960களின் பிற்பகுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும் காலங்களில், அந்நகரத்து வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் இன்றும் தலை காட்டுகின்றன. 1985 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கீழே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. இவையன்றியும், மின்கோபுரங்கள் கடந்து செல்லும் தேயிலைத் தோட்டங்களில், பல லயன் அறைகள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. கொழும்புக்கு ஒளி சென்ற வழியிலே குடியிருந்தவர்கள் இருளில் இருந்தனர். வீட்டையும் வயலையும் கோயிலையும் இழந்தவர்கள் கொடுத்த விலையை எந்த மின்மானியும் அளக்கவில்லை.

1969 ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் இலங்கை மின்சார சபை அமைக்கப்பட்டது. மகாவலித் திட்டத்தின் கீழ் 1976 ஆம் ஆண்டில் உக்குவலையும், 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல ஆகியவையும் வெளிநாட்டுக் கடனாலும் நன்கொடையாலும் எழுந்தன. 1990களின் தொடக்கத்தில் நாட்டின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீரினாலேயே கிடைத்தது. ஆனால் வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகப் பெருக, பெரிய அருவிகள் தீர்ந்துவிட்டன. 1996 ஆம் ஆண்டில் மழை பொய்த்தபோது நாடு நாள்தோறும் பல மணி நேரம் இருளில் ஆழ்ந்தது. அவசரத்துக்கு எண்ணெய் இயந்திரங்கள் வந்தன. விரைவில் நிறுவக்கூடியவை அவை. ஆனால் அசைந்து தின்பவை. நிலக்கரி நிலையம் வேண்டும் என்ற பேச்சும், வேண்டாம் என்ற பேச்சும் ஆண்டுக்கணக்காக நடந்தன. ஈற்றில் 2011 ஆம் ஆண்டில் நுரைச்சோலையில் 300 மெகாவாற்று இயந்திரமொன்று இயங்கத் தொடங்கியது. 2014 ஆம் ஆண்டளவில் அது 900 மெகாவாற்று நிலையமாயிற்று. லக்சபானவுக்குக் காத்திருந்தது போலவே இதற்கும் காத்திருந்தோம். காத்திருந்த காலத்தில் எரிந்த எண்ணெயின் விலையும், கணக்கிற் காட்டப்படாமலே, நம் கட்டணத்துள் கலந்துவிட்டது.

இப்போது கட்டணச் சீட்டுக்குத் திரும்புவோம். ஏழை வீட்டின் விளக்கு அணையலாகாது என்பது நல்ல எண்ணம். அதனால், குறைந்த அலகுகள் பயன்படுத்துவோரிடம் அடக்க விலைக்கும் குறைவாக வாங்கி, மிகுதியாகப் பயன்படுத்துவோரிடம் கூட்டி வாங்கும் படிமுறைக் கட்டணம் நம் நாட்டில் வழங்கி வந்தது. அதனிற் குறையில்லை. குறை எங்கே புகுந்ததெனில், படிமுறையால் ஈடுசெய்ய முடியாத எஞ்சிய செலவை யார் தாங்குவது என்பதிலே. 2014 ஆம் ஆண்டின் பின் எட்டாண்டுகளாகக் கட்டணம் உயர்த்தப்படவில்லை. செலவு மட்டும் உயர்ந்துகொண்டே சென்றது. எஞ்சியது திறைசேரியின் தலையிலும் வங்கிகளின் ஏட்டிலும் எரிபொருள் தந்தவருக்குரிய பாக்கியிலும் ஏறிற்று. சீட்டிலே குறைந்திருந்த விலை வேறிடத்திற் கடனாகக் குவிந்துகொண்டிருந்தது.

2022 ஆம் ஆண்டில் அக்கடன் வாசலுக்கு வந்தது. அந்நிய நாணயம் தீர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. எரிபொருட் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் கட்டணம் ஏறிற்று. மாதம் 30 அலகு மட்டும் பயன்படுத்தும் ஒரு சிறு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். முன்னர் அலகுக்கு 2 ரூபா 50 சதமும், நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக மொத்தம் 105 ரூபா. 2022 ஓகஸ்டில் அலகுக்கு 8 ரூபாவும், நிலையான கட்டணம் 120 ரூபாவுமாக 360 ரூபா. 2023 பெப்ருவரியில் அலகுக்கு 30 ரூபாவும், நிலையான கட்டணம் 400 ரூபாவுமாக 1,300 ரூபா. ஓராண்டுக்குள் பன்னிரண்டு மடங்கு! 2024 ஆம் ஆண்டிலும் 2025 இன் தொடக்கத்திலும் கட்டணம் குறைக்கப்பட்டது. 2025 ஜூனில் மீண்டும் ஒரு பங்கு கூட்டப்பட்டது. ஆனால் 2023 இல் அந்தச் சீட்டைக் கையிலேந்தி நின்ற தாய்க்கு, பின்னால் வரும் குறைப்பைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. அரிசியா, விளக்கா என்று அவள் எண்ணவேண்டியதாயிற்று.

எட்டாண்டுகளாக அவளுக்குக் கிடைத்தது சலுகையென்று எண்ணியிருந்தோம். அதிற் பெரும்பகுதி, அவளுக்குத் தெரியாமல் அவள் பெயரிலேயே எழுதப்பட்ட கடனாயிருந்தது. உதவி செய்வதாயின் அது வெளிப்படையாக இருத்தல் வேண்டும். இவ்வளவு அடக்க விலை, இவ்வளவு உன் பங்கு, எஞ்சியதை இன்னார் தாங்குவர் என்று எழுதித் தரும் உதவியே நிலைக்கும். தாங்குவோர் இன்னாரென்று சொல்லப்படாத சுமை, நாளடைவில் மிக மெலிந்த தோளையே வந்து சேரும்.

கூரையில் சூரியத் தகடு பதிக்கும் இக்காலத்திலும் இவ்வறிவு பயன்படும். வெயிலுக்கு விலையில்லை, மழைக்கும் விலையில்லை என்று முன்னரே கண்டோம். ஆனால் நம் வீடுகளிலே மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுவது மாலை ஆறரை மணிக்கு மேல். அப்போது சூரியன் மறைந்துவிடுகிறான். பகலொளியை இரவுக்குச் சேமிக்கும் மின்கலமோ, இரவுக்கென ஆயத்தமாய் நிற்கும் வேறோர் இயந்திரமோ வேண்டும். ஆயத்தமாய் நிற்பதற்கு விலையுண்டு என்று ஹொப்கின்சன் 1892 ஆம் ஆண்டிற் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நம்மால் ஆவதும் சிறிது உண்டு. 60 வாற்றுப் பழைய குமிழ் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. ஏறக்குறைய அதே ஒளி தரும் 9 வாற்று விளக்குக்கு ஒன்றரை அலகும் ஆகாது. துணி மினுக்குவதையும் நீர் இறைப்பதையும் மாலை நேரத்திலிருந்து விலக்கினால், அந்த நான்கு மணி நேரத்துக்காக மட்டும் ஓர் இயந்திரத்தை நாடு வாங்கவேண்டிய தேவை சிறிதே தள்ளிப்போகும்.

யாத்திரையிலிருந்து திரும்பிய அக்குடும்பத் தலைவர், இப்போது சீட்டின் அந்த ஒற்றை வரியை மறுபடியும் பார்க்கட்டும். அவர் இல்லாத நாட்களிலும் மலையில் அணை நீரைத் தாங்கி நின்றது. கோபுரங்கள் காற்றிலும் மழையிலும் கம்பியைப் பிடித்து நின்றன. நள்ளிரவிலும் ஒருவர் கட்டுப்பாட்டறையில் விழித்திருந்தார். அவர் வீட்டுக்குள் நுழைந்து ஆளியை அழுத்திய கணத்தில் விளக்கெரிந்தது. ஒரு மாதமாக அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தவற்றின் கூலியே அந்த வரி. அதை அவர் செலுத்தலாம். செலுத்தும்போது, அத்தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.